மல்லியும் தண்டுக்கீரையும் திட்டுத் திட்டா வாடுது: பழைய வாழை வாடல்தானா?

கன்னடியன்கால் (சேரன்மகாதேவி பக்கம்)

அண்ணாச்சிமார், அக்காமாருக்கு வணக்கம். 12 சென்ட்ல கீரை போட்டிருக்கேன். தண்டுக்கீரை 4 சென்ட், மல்லி 3, வெந்தயம் 2, மிச்சம் அரைக்கீரை. வாரத்துல மூணு நாள் மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் கட்டு போகும். பத்து நாளா ரெண்டு பாத்தி கண்ணு முன்னாலயே போய்க்கிட்டிருக்கு.

மல்லி விதைச்சு 25 நாள். அடி இலை மஞ்சளாகுது, மத்தியானம் தலையத் தொங்கப் போட்டுருது. சாயங்காலம் எந்திச்சு நிக்கும். மறுநாளும் அப்படித்தான். மூணாம் நாள் எந்திக்காது. தண்டுக்கீரை வேற மாதிரி. முழங்கால் உயரம் வந்த செடி, இலையில ஒரு மஞ்சள் கிடையாது, பச்சையா இருக்கும்போதே சரிஞ்சு கெடக்கு. ஒண்ணு சரிஞ்சா நாலு நாள்ல அதைச் சுத்தி ஒரு கடவப்பெட்டி அகலத்துக்குக் காலியாயிருது.

மருந்துக்கடையில "ரெண்டும் வாடல்தான்"னு ஒரு பூஞ்சாண மருந்தும், கூட ஒரு டானிக்கும் குடுத்தாங்க. 1,400 ரூவா. வேர்ல ஊத்தியாச்சு, ஒரு மாத்தமும் இல்ல. அந்த எடத்துல முந்தி ரஸ்தாளி நின்னுச்சு. அதுல கொஞ்சம் வாடல் விழுந்து வெட்டிப் போட்டோம். "வாழை வாடல் மண்ணுல கெடக்கு, இனி அங்க எது போட்டாலும் இப்படித்தான்"னு பக்கத்து வயக்காரர் சொல்லுதாரு. உள்ளதா?


களக்காட்டு_ஏத்தன்

உள்ளதுதான் தம்பி. நான் ரஸ்தாளில கையச் சுட்டுக்கிட்டவன். மட்டை ஒடிஞ்சு பாவாடை கட்டுன மாதிரி தொங்குச்சு, கிழங்கை வெட்டிப் பாத்தா உள்ள செம்மண் கரைச்சு ஊத்துன மாதிரி வளையம் வளையமா. அந்த வித்து மண்ணுல வருசக்கணக்கா சாகாமக் கெடக்கும்னு வந்து பாத்த ஆபீசரே சொன்னாரு. அதான் ஏத்தன் வாழைக்கு மாறிட்டேன். நீங்களும் கீரைய விட்டுட்டு வேற எடம் பாருங்க.


பாளை_மாடித்தோட்டம்

பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி பஞ்சகவ்யா, கூடவே புளிச்ச மோர். ரெண்டையும் மாத்தி மாத்தி அடிங்க சார். என் மாடியில எல்லா வாடலுக்கும் இதுதான்.


வேர்முடிச்சு

பயிர் நோயியல் படிச்சவள் நான், இப்போ படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல வாழை விஷயம். களக்காட்டு அண்ணாச்சி சொன்னதுல பாதி சரி. வாழையில வர்ற வாடலும் மல்லியில வர்ற வாடலும் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம்ங்கிற ஒரே பூஞ்சாணம்தான். ஆனா அதுக்குள்ள ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனிக் கூட்டம் இருக்கு. வாழையைக் கொல்றது கியூபென்ஸ், மல்லியைக் கொல்றது கொரியாண்டரி. குடும்பப் பேரு ஒண்ணு, ஆனா அவனவன் சம்பந்தம் வச்சுக்கிற வீடு வேற. வாழைக்காரன் மல்லி வீட்டு வாசல்ல வந்து நின்னாலும் உள்ள நுழைய மாட்டான். மண்ணுல வருசக்கணக்கா கெடக்கும்னு சொன்னது மட்டும் முழு உண்மை. தடிச்ச சுவர் கட்டின வித்தா உறங்கிக்கிட்டுக் கெடக்கும்.

அடுத்தது, நீங்க சொன்ன ரெண்டு பாத்தியோட குறியும் ஒண்ணு மாதிரி இல்ல. வாடல்ங்கிறது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல்னு சொன்னா எந்தக் காய்ச்சல்னு டாக்டர் கேப்பாருல்ல? தண்ணி மேல ஏற முடியலன்னு செடி சொல்லுது, அவ்வளவுதான். குழாய் அடைச்சிருக்கலாம், வேர் அழுகியிருக்கலாம், கழுத்து அறுந்திருக்கலாம், நூற்புழு வேர்ல முடிச்சுப் போட்டிருக்கலாம், சும்மா தண்ணி பத்தாமலும் இருக்கலாம். பிடுங்கிப் பாக்காம யாரு மருந்து சொன்னாலும் வாங்காதீங்க. நான் சொன்னாலும் சரி.

நாளைக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னால இதைச் செய்ங்க. முழுசா செத்த செடி வேண்டாம், செத்ததுல கண்டதும் ஏறிக்கிடும். வாட ஆரம்பிச்ச செடியா ரெண்டு பாத்தியிலயும் அஞ்சஞ்சு எடுங்க. இழுத்துப் பிடுங்கினா வேர் மண்ணுலயே நின்னுரும், மம்பட்டியால மண்ணோட பேத்து, வாளித் தண்ணியில முக்கி அலசுங்க. பக்கத்துல நல்லா நிக்கிற செடி ஒண்ணும் எடுங்க, ஒப்பிட்டுப் பாக்க.

தண்டும் வேரும் சேர்ற கழுத்தைப் பாருங்க. அங்க வெள்ளையா நூல் மாதிரி ஏதும் படர்ந்திருக்கா, மண் மேல கடுகு மாதிரி உருண்டை கெடக்கா? அப்புறம் வேரை ரெண்டு விரல்ல பிடிச்சு உருவுங்க. மேல்தோல் உறை மாதிரி கழண்டு வந்து நடுவுல நூல் மட்டும் நின்னா அது வேரழுகல், பித்தியம் வகை. தோல் கழலலைன்னா கத்தியால வேரையும் அடித்தண்டையும் நெடுக்கா, நடுவுல கீறுங்க, குறுக்கா வேண்டாம். உள்ள வெள்ளையா இருக்கணும். பழுப்பா ஒரு கோடு மேல ஏறிப் போகுதுன்னா குழாய் அடைப்பு, அதாவது ஃபியூசேரியம். கடைசியா, ரெண்டு அங்குலத் தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர்ல தண்ணிக்குள்ள நுனி படுற மாதிரி அசையாம தொங்க விடுங்க. சில நிமிசத்துல பால் மாதிரி இழை கீழ இறங்கினா அது பூஞ்சாணமே இல்ல, பாக்டீரியா. கீரையில அது அபூர்வம்தான், ஆனாலும் பாத்துருங்க.

பாத்துட்டு எழுதுங்க. போட்டோவும் போடுங்க.


களக்காட்டு_ஏத்தன்

தங்கச்சி, படிச்சவிய சொல்லுதிய, கேட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு. வாழை நின்ன எடத்துல கத்திரி போட்டேன், அதுவும் வாடுச்சு. அதுக்கு என்ன சொல்லுதிய?


வேர்முடிச்சு

அண்ணாச்சி, வாழை வேர்லயும் கத்திரி வேர்லயும் நூற்புழு குடியிருக்கும். அதுக்குச் சாதி பேதம் இல்ல, எல்லா வீட்லயும் சாப்பிடும். அது போட்ட ஓட்டை வழியா கத்திரிக்கான வாடல் உள்ள போயிருக்கலாம். அந்தக் கத்திரி வேர்ல முடிச்சு இருந்துச்சா?


களக்காட்டு_ஏத்தன்

வேரை யாரு பாத்தா. பிடுங்கித் தீ வச்சாச்சு.


மேலச்செவல்_பேரன்

எங்க ஆச்சி 40 வருசமா கீரை போடுதாவ. இந்த இழைய வாசிச்சுக் காட்டுனேன். அவ்வ சொல்லச் சொல்லத் தட்டுதேன், பிழை இருந்தா என்னை வையாதீங்க.

"விதைய அள்ளித் தெளிச்சா கீரை நெருக்கிக்கிட்டுத்தான் சாவும். மணலைக் கலந்து தெளிக்கணும். மல்லிப் பாத்தியில திரும்ப மல்லி போடப்பிடாது. அடுப்புச் சாம்பல் வெதைக்க முன்னால தூவணும். வாமடையில பெருங்காயத்தைத் துணியில முடிஞ்சு போடணும். செத்த செடிய வரப்புல வைக்கப்பிடாது, அடுத்த மழைக்கு அதே பாத்திக்குள்ள வந்துரும்."

பெருங்காயம் எதுக்குன்னு கேட்டேன். "எங்க மாமியா போட்டாவ, நானும் போடுதேன்"ங்காவ.


வேர்முடிச்சு

ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. பெருங்காயத்தை விடுங்க, தண்ணியில கரைஞ்சு ஏக்கர் முழுக்கப் பரவினா என்ன மிஞ்சப் போகுது. போட்டாலும் கேடில்ல. சாம்பல் சொன்னது நல்ல கணக்கு. மண்ணோட புளிப்பைக் குறைக்கும், புளிப்பு மண்ணுலதான் ஃபியூசேரியத்துக்குக் கொண்டாட்டம். மணல் கலந்து தெளிக்கிறதும் அப்படித்தான். கீரைக்கு ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ விதை போதும்னு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. சென்ட்டுக்குப் போட்டா 10 கிராம். நம்ம ஆளுங்க 30 கிராம் தட்டுவாங்க. முளைச்சு ரெண்டு வாரத்துக்குள்ள நாற்று கழுத்துல தண்ணி கோத்துப் படுத்துரும், நாற்றழுகல்.


கன்னடியன்கால்

அக்கா, பாத்துட்டேன். எழுதவே சாயங்காலம் ஆயிட்டு.

விடியக்காலம் அஞ்சரைக்கு மகனை எழுப்பிப் போன் லைட்டைப் பிடிக்கச் சொல்லி, மம்பட்டியால பேத்து எடுத்தேன். வீட்டுக்காரி காய் நறுக்குற கத்தியை எடுத்துட்டுப் போனதுக்குத் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

மல்லி: வேர் வெளியில பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, தோல் கழலல. நெடுக்கா கீறினதும் நடுவுல வெத்தலை போட்டுத் துப்புன தண்ணி நிறத்துல ஒரு கோடு, வேர்ல இருந்து தண்டுக்குள்ள விரல் நீளத்துக்கு ஏறியிருக்கு. அஞ்சுல நாலு செடியில இருக்கு. நல்லா நின்ன செடியில பளிச்சுனு வெள்ளை. டம்ளர்ல தொங்க விட்டேன், காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்தேன், தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு.

தண்டுக்கீரை: இதுதான் அதிசயம். உள்ள ஒரு கோடும் இல்ல. ஆனா கழுத்துல, மண்ணை ஒட்டி, பஞ்சு பிச்சு ஒட்டுன மாதிரி வெள்ளை. அந்த எடத்துல தண்டு பழுப்பா நஞ்சு போயிருக்கு, விரலால அமுக்குனா அமுங்குது. வைக்கோலை விலக்குனா மண்ணு மேல கடுகு. நெசமாவே கடுகுன்னு நெனைச்சேன். சிலது வெள்ளையா, சிலது பழுப்பா. நசுக்குனா கடுகு மாதிரி எண்ணெய் வரல.

வெந்தயத்தையும் சந்தேகத்துக்கு ஒண்ணு பிடுங்கினேன். வேர் முழுக்க முடிச்சு முடிச்சா! நூற்புழு வந்துட்டுன்னு வயித்தக் கலக்கிட்டு.


வேர்முடிச்சு

வெந்தயத்தை நினைச்சு வயித்தக் கலக்க வேண்டாம். அது பயறு வகைப் பயிர், காத்துல உள்ள தழைச்சத்தைப் பிடிச்சு வைக்கிற பாக்டீரியா வேர்ல முடிச்சுக் கட்டும். நகத்தால தட்டினா உதிரும், பிளந்தா உள்ள இளஞ்சிவப்பா இருக்கும். நூற்புழு முடிச்சு அப்படி உதிராது, வேரே வீங்கினதுதான் அது. பாக்டீரியா முடிச்சு மணி ஒட்டுன மாதிரி, நூற்புழு முடிச்சு யானைக்கால் மாதிரி.

மல்லி ஃபியூசேரியம் வாடல்னு நூத்துக்குத் தொண்ணூறு சொல்லலாம். அடி இலை மஞ்சள், மத்தியானம் தலை தொங்குறது, பழுப்புக் கோடு, மூணும் பொருந்துது. தண்டுக்கீரையில வந்தது ஸ்கிளீரோசியம் ரால்ஃப்சி, கழுத்தழுகல். நிலக்கடலை போடுறவங்களுக்கு நல்லாத் தெரியும், அங்க தண்டழுகல்னு சொல்வாங்க. 500 வகைச் செடிக்கு மேல தின்னும். முதல்ல ஆக்ஸாலிக் அமிலத்தை விட்டுத் திசுவைக் கொன்னு, அப்புறம் செத்ததைச் சாப்பிடும். அதான் இலை மஞ்சளாகக்கூட நேரமில்லாம பச்சையாவே சாயுது. அந்தக் கடுகுதான் அதோட உறங்குற வித்து. வருசக்கணக்கா இருக்கும்.

பத்தடி தள்ளி ரெண்டு நோய், கடையில ரெண்டுக்கும் ஒரே மருந்தைக் குடுத்திருக்காங்க. நீங்க ஊத்தின பாட்டில்ல என்ன போட்டிருந்துச்சு, கார்பென்டாசிமா?


கன்னடியன்கால்

ஆமா அக்கா, அதேதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?


வேர்முடிச்சு

வாடல்னு கேட்டா கடையில கை தானா போற இடம் அதுதான். கார்பென்டாசிம் ஸ்கிளீரோசியத்துக்கு எடுக்காது. பித்தியத்துக்கும் எடுக்காது. இன்னொரு கூத்தும் இருக்கு: மண்ணுல இயற்கையா இருக்கிற டிரைக்கோடெர்மாவை அது கொன்னுரும். டிரைக்கோடெர்மாதான் அந்தக் கடுகைத் தின்கிற பூஞ்சாணம். போலீஸை அனுப்பிட்டுத் திருடனை விட்ட மாதிரி. நிலக்கடலையில இந்த வகை மருந்து போட்ட இடத்துல கழுத்தழுகல் கூடினதாவே ஆராய்ச்சிகள்ல இருக்கு.

மல்லிக்காவது கேக்குமான்னா, ஃபியூசேரியத்து மேல அதுக்கு வேலை உண்டு. ஆனா குழாய் அடைச்ச பிறகு ஊத்தி அந்தச் செடியை எழுப்ப முடியாது. அதோட இது இன்னும் ரெண்டு வாரத்துல ஒருத்தர் ரசத்துல மிதக்கப் போற இலை. ஊத்தின பாத்தியில நல்லா நிக்கிற செடியையும் இந்தத் தடவை சந்தைக்கு அனுப்பாதீங்க, தயவு செஞ்சு.


மானூர்_கரிசல்

இதை நான் ஒத்துக்க மாட்டேன். எல்லாத்துக்கும் மருந்துக்கடைக்காரன் தலையில போடுறது வழக்கமாயிட்டு. கடைக்கு வர்றவன் செடி கொண்டாரானா? "வாடுது, ஏதாவது குடு"ம்பான். குடுக்கலைன்னா அடுத்த கடைக்குப் போவான். நாத்தழுகலுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைச்சு ஊத்தச் சொல்லி பல்கலைக்கழகமே புத்தகத்துல போட்டிருக்கு. மருந்தே தொடாதேன்னா பத்து ஏக்கர் வச்சிருக்கவன் என்ன செய்வான்?


வேர்முடிச்சு

அண்ணாச்சி, நாத்தழுகலுக்குக் காப்பர் சரி, நான் மறுக்கல. நாத்து வயசுல, அழுகல் கண்ட இடத்துல மட்டும். 25 நாள்ல அறுக்கப் போற கீரையில ஊடுருவிப் பாயுற மருந்து வேண்டாம்னுதான் சொல்றேன். எந்த மருந்தா இருந்தாலும் லேபிளை வாசிங்க. எந்தப் பயிருக்கு அனுமதி, ஊத்தி எத்தனை நாள் கழிச்சு அறுக்கலாம்னு அதுலயே இருக்கும். கீரை பேரு அதுல இல்லைன்னா அது கீரைக்கான மருந்து இல்ல. கடைக்காரர் செடியைக் கேக்கணும், விவசாயி கொண்டு போகணும். ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு.


மானூர்_கரிசல்

அது சரி. லேபிள் எழுத்தைப் பாக்கத்தான் பூதக்கண்ணாடி வேணும்.


கன்னடியன்கால்

சண்டைய விடுங்க அண்ணாச்சி. என் பாத்திக்கு இனி என்ன செய்ய? ஒண்ணு ரெண்டு உண்மையையும் சொல்லிருதேன். மல்லி அதே பாத்தியில இது மூணாவது தடவை. ஆனில ஒண்ணு, ஆவணில ஒண்ணு, இப்பம் ஐப்பசி. முதல் தடவை ரெண்டு செடி வாடுச்சு, கண்டுக்கிடல. ரெண்டாவது ஒரு பத்துப் பதினஞ்சு. வேரோட உழுது அமுக்கிட்டேன். விதை பலசரக்குக் கடை மல்லிதான், செங்கல்லால தேச்சு ரெண்டா ஒடைச்சுத் தெளிச்சேன். கட்டு அறுத்த பிறகு தூர்ல யூரியா.

தண்டுக்கீரைக்குப் போட்டது பச்சைச் சாணி, மக்கல. களை வராம இருக்க வைக்கோல் பரப்புனேன். மேல் வயல்ல பிசான நெல் போகத்துக்குத் தொழி அடிச்சுத் தண்ணி கட்டியிருக்காங்க, அதுல இருந்து ஊத்து கசிஞ்சு தண்டுக்கீரைப் பாத்தி காயவே மாட்டேங்குது.


வேர்முடிச்சு

நோயை நீங்களே வெத்தலை பாக்கு வச்சு அழைச்சிருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, எல்லாரும் செய்றதுதான்.

தண்டுக்கீரையை முதல்ல பாருங்க, அதைப் பாதியாவது காப்பாத்தலாம். இன்னைக்கே வைக்கோலை வழிச்சு எடுத்துருங்க. மக்காத சாணியும் வைக்கோலும் அதுக்கு ஏணி, அதுல ஏறித்தான் கழுத்துக்கு வருது. சாஞ்ச செடியை, சுத்தி ஒரு சாண் அகலம் மண்ணோட, நாலு விரக்கடை ஆழத்துக்கு அள்ளிச் சாக்குல போட்டு வெளிய கொண்டு போய் எரிச்சுருங்க. கொட்டும்போது கடுகு வழியில சிந்தக் கூடாது. அந்த மம்பட்டியைக் கழுவாம மல்லிப் பாத்திக்குப் போகாதீங்க. மேல் வயலுக்கும் உங்க பாத்திக்கும் நடுவுல ஒரு முழ ஆழத்துல வடிகால் வெட்டி ஊத்தைத் திருப்பி விடுங்க. மேல் மண்ணு ஒரு அங்குலம் காயணும், அதுதான் அதுக்கு மருந்து. வயசான வெளி இலை மண்ணுல புரளுதுன்னா ஒடிச்சு எடுத்துருங்க.

மல்லியை விட்டுருங்க. அதுல பார்க்க ஒண்ணும் இல்ல. வாடினதை மட்டும் எடுக்காம பாத்தி முழுக்க வேரோட எடுத்துருங்க, உழுது அமுக்காதீங்க. அங்க மல்லி குறைஞ்சது மூணு வருசத்துக்கு வேண்டாம். யூரியாவை நிப்பாட்டுங்க, அது மண்ணுல அமோனியமா மாறும், ஃபியூசேரியத்துக்கு அந்தச் சத்து ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த விதைப்புக்கு இப்பவே ஒரு வேலை ஆரம்பிங்க. நல்லா மக்குன தொழுவுரம் 5 கிலோ, டிரைக்கோடெர்மா விரிடி கால் கிலோ. ஏக்கருக்கு ஒரு கிலோவும் 20 கிலோ எருவும்னு கணக்கு, உங்களுக்கு இது தாராளம். நிழல்ல கலந்து, கையில பிடிச்சா பிடி நிக்கிற அளவு ஈரத்துல, ஈரச் சாக்கு போட்டு மூடி வைங்க. மூணு நாளைக்கு ஒருதரம் புரட்டி விடுங்க. பத்துப் பதினஞ்சு நாள்ல மேல பச்சையா பூக்கும். அதுதான் உங்க படை. பாக்கெட்டுல தயாரிச்ச தேதியைப் பாத்து வாங்குங்க, ஆறு மாசம் தாண்டினது வெறும் மாவுதான். அதோட சென்ட்டுக்கு ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு. விதைக்கு, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, ஆறின கஞ்சித் தண்ணியில பிசறி நிழல்ல உலத்தி அன்னைக்கே விதைச்சுருங்க. நீங்க ஏற்கனவே மருந்து ஊத்தின பாத்தியில இதை இப்ப போட்டா செத்துரும், இடைவெளி விடணும்.

சந்தேகம் தீரணும்னா கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில பயிர் நோயியல் துறைக்குக் கொண்டு போங்க. வாட ஆரம்பிச்ச செடியா, வேர் மண்ணோட, பேப்பர்ல சுத்தி. ஈரத்தோட பிளாஸ்டிக் பையில கட்டினா போய்ச் சேர்றதுக்குள்ள அழுகிரும்.


பாளை_மாடித்தோட்டம்

என் பஞ்சகவ்யாவை யாரும் மதிக்கலையே?


வேர்முடிச்சு

பஞ்சகவ்யா செடிக்கு நல்லது, நானே அடிப்பேன். ஆனா இலையில அடிக்கிற மோர் வேர்க்குழாய்க்குள்ள எப்படிப் போகும்? உங்க மாடியில எல்லா வாடலும் தெளியுதுன்னா, அதுல பாதி மத்தியான வெயிலுக்கு வாடினதா இருக்கும். அது சாயங்காலம் மோர் அடிச்சாலும் எந்திக்கும், அடிக்கலைன்னாலும் எந்திக்கும்.


பாளை_மாடித்தோட்டம்

சரி, கோவம் இல்ல. என் பாலக் பையில மாசா மாசம் சாகுது. வெளிநாட்டு வீடியோவுல ஸ்பினாச் வாடல்னு காட்டுறாங்க, அதேதானா?


வேர்முடிச்சு

நாம பாலக்னு வாங்குறது பீட்ரூட்டோட சொந்தக்காரி. வீடியோவுல வர்ற ஸ்பினாச் வேற செடி. அவங்க ரகப் பேரு, நோய்க் கூட்டத்தோட பேரு எதுவும் நமக்கு அப்படியே ஒட்டாது. உங்க பை அடியில ஓட்டை இருக்கா? ஒரே தென்னைநார்த் தூளையே திரும்பத் திரும்பப் போடுறீங்களா?


பாளை_மாடித்தோட்டம்

ஓட்டை ரெண்டு. தூள் மூணு வருசமா அதேதான். 😐


மேலச்செவல்_பேரன்

ஆச்சி சிரிக்காவ.


களக்காட்டு_ஏத்தன்

நானும் ஒண்ணு சொல்லட்டா. 2023 டிசம்பர் 17, 18ல அந்த மழை பெஞ்சதுல்லா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்னு பேப்பர்ல போட்டிருந்தான். ஆத்தங்கரையில உள்ளவன் வயல் எல்லாம் யாரு யாரு வீட்டு மண்ணோ வந்து படிஞ்சு கெடந்துச்சு. நல்ல வண்டல்னு சந்தோசப்பட்டோம். இப்பம் யோசிச்சுப் பாத்தா அதோட என்னென்ன வித்து வந்துச்சோ. கன்னடியன்கால் தம்பி, அந்த மல்லி எடத்துல பேசாம நெல்லைப் போட்டுரும். பிசானத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. எங்க அப்பா காலத்துல ஒரு எடம் மொரண்டு பண்ணுச்சுன்னா ரெண்டு போகம் தண்ணி கட்டி நெல்லு போட்டுத்தான் திருத்துவாவ.


வேர்முடிச்சு

அண்ணாச்சி, இந்த இழையிலயே உருப்படியான யோசனை இதுதான். தண்ணி தேங்கி நிக்கும்போது மண்ணுல காத்து இருக்காது. ஸ்கிளீரோசியக் கடுகுக்குக் காத்து வேணும், மூச்சு முட்டி அழுகிரும். ஃபியூசேரியமும் குறையும், முழுசா ஒழியாது. தண்டுக்கீரைப் பாத்தியையும் அறுப்பு முடிஞ்சதும் நெல்லுக்குள்ள சேத்துருங்க. நெல்லு போட முடியாதவங்களுக்கு, மானூர் கரிசல் அண்ணாச்சி மாதிரி உள்ளவங்களுக்கு, சித்திரை வெயில் இருக்கு. நல்லா தண்ணி பாய்ச்சி, மேல கண்ணாடி மாதிரி உள்ள பாலித்தீன் தாளை இழுத்து விரிச்சு, ஓரத்தை மண்ணுல புதைச்சு ஆறு வாரம் விடுங்க. கருப்புத் தாள் வேண்டாம், அது சூட்டைத் தானே குடிச்சுக்கிடும்.


மானூர்_கரிசல்

கரிசல்ல தாள் விரிச்சா வெடிப்புல ஆவி போயிராதா?


வேர்முடிச்சு

வெடிப்பு விழுற வரைக்கும் காயவிட்டா போகும். உழுது பொடியாக்கி, வெடிக்கிறதுக்கு முன்னால பாய்ச்சி விரிச்சுருங்க.


கன்னடியன்கால் (தை மாசம்)

இழை அடியில போயிட்டு, தூக்கி விடுதேன். நடந்ததைச் சொல்லணும்ல.

தண்டுக்கீரை 4 சென்ட்ல ரெண்டரை சென்ட் தேறுச்சு. வைக்கோலை எடுத்து வடிகால் வெட்டுன அஞ்சாம் நாள்ல இருந்து புதுசா சாயுறது நின்னு போச்சு. இடையில ரெண்டு நாள் அடை மழை, அப்பம் மறுபடியும் ஏழெட்டுச் செடி போச்சு, மண்ணோட அள்ளிட்டேன். மல்லிப் பாத்தியை முழுசா எடுத்து எரிச்சுட்டு, மேல் வயக்காரர்கிட்ட நாத்து கேட்டு வாங்கி நெல்லு நட்டாச்சு. 3 சென்ட் நெல்லுன்னு ஊரே கேலி பண்ணுது. மல்லிய இந்தப் பக்கம் புது எடத்துல, விதை நேர்த்தி பண்ணி, டிரைக்கோடெர்மா எரு போட்டு, ஒண்ணரை சென்ட் மட்டும் விதைச்சேன். நேத்து 38-ஆம் நாள், அறுத்தாச்சு. மூணு செடி வாடுச்சு. மூணையும் கீறிப் பாத்தேன். ஒண்ணுல கோடு இருந்துச்சு, மத்த ரெண்டும் மம்பட்டி பட்டு வேர் அறுந்தது.

கடைக்காரர்கிட்ட ஒரு செடியக் கொண்டு போய்க் கீறிக் காமிச்சேன். "இப்படியும் பாக்கலாமா"ன்னு வாங்கி வச்சுக்கிட்டாரு. 1,400 போனது போனதுதான்.


மேலச்செவல்_பேரன்

ஆச்சி கேக்காவ: தண்டுக்கீரை செவப்பா வெள்ளையா? விதை எடுத்தீங்களா?


கன்னடியன்கால்

செவப்புத் தண்டு. தேறுன பாத்தியில பத்துச் செடிய விதைக்கு விட்டிருக்கேன். ஆச்சிக்கு ஒரு பொட்டலம் எடுத்து வைக்கேன், சனிக்கெழமை சந்தைக்கு வாங்க.


வேர்முடிச்சு

கொஞ்சம் நில்லுங்க. கதிரைத் தரையில போட்டு அடிக்காதீங்க, சாக்கு விரிச்சு அதுல உதுருங்க. கீரை விதையை விட அந்தக் கடுகு பெருசு. மாவு சல்லடையில சலிச்சு, மேல நிக்கிறதை அடுப்புல போட்டுட்டு, கீழ விழுந்ததை மட்டும் குடுங்க.


கன்னடியன்கால்

சல்லடை வேற கேக்கணுமா அக்கா? கத்தி எடுத்ததுக்கே இன்னும் பேச்சு வாங்கிக்கிட்டிருக்கேன்.